கயாவில் விட்ட அடுப்படி

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது தங்கச்சி. நீங்கள் ஆசையாகக் கொய்யாப்பழத்தை நீட்டினீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். காசிக்குப் போய் விட்டுவிட்டு வந்த பழம் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் வாய் அப்படித்தான். வேறு என்னவெல்லாம் விட்டீர்கள் என்று நீங்கள் கேட்டும் விட்டீர்கள். சொல்லாமல் இருந்தால் மரியாதையில்லை. சொன்னால் வரிசை தப்பும். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுப்பிவிட்டுக் கதை சொல்லச் சொன்னால், முடிவை முதலில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இந்தக் கதையிலும் முடிவை முதலில் சொன்னால் நான் நல்லவளாகத் தெரிவேன். வரிசையாகச் சொன்னால் தெரிய மாட்டேன். அதுதான் பயம்.

போன் அடிக்கட்டும். என் மருமகள் தாரணிதான். அடித்து ஓயும்.

கயா தெரியுமில்லையா? காசிக்குப் போகிறவர்கள் அங்கேயும் போவார்கள். அங்கே ஒரு பெரிய ஆலமரம். அதன் அடியில் நின்று நமக்குப் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் விட்டுவிட வேண்டும். அன்றிலிருந்து ஆயுசுக்கும் அதைச் சாப்பிடக் கூடாது. ஆசையை விட்டுப் பழகுவதற்காகப் பெரியவர்கள் வைத்தது. ஆனால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? பாகற்காயை விடுவார்கள். கோவில்பட்டிப் பக்கம் கண்ணால்கூடப் பார்க்க முடியாத ஏதாவது பழத்தை விடுவார்கள். எங்கள் தெருவிலிருந்து போன கூட்டத்தில் ஒருத்தி ஸ்ட்ராபெர்ரியை விட்டாள். நான் பீர்க்கங்காயையும் கொய்யாவையும் விட்டேன். கொய்யா எனக்குப் பிடிக்கும். பொய் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக விதை பல்லில் மாட்டுகிறது, அது வேறு விஷயம்.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு ஆவுடையக்கா கையைக் கூப்பி, கண்ணை மூடி, "நான் கோவத்த விட்டுட்டேன்" என்றாள். எல்லோரும் "ஆகா" என்றார்கள். ஆவுடையக்காவுக்குக் கோபமே கிடையாது தங்கச்சி. அடுத்த வீட்டுக்காரர் குப்பையை இவள் வாசலில் தள்ளினால்கூடச் சிரிப்பாள். இல்லாததை விட்டதற்கு இத்தனை பேர் ஆகா சொன்னால் எப்படி இருக்கும்? எங்களைக் கூட்டிக்கொண்டு போன டூர்க்காரர் தாணு அவள் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்துவிட்டார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"நான் அடுப்படிய விட்டுட்டேன்!" என்றேன். சத்தமாக. "இனிமே எங்க வீட்டு அடுப்படி என் மருமவளுக்கு. நான் உள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்."

மரத்தடியில் நின்ற எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். புரோகிதர் கொஞ்சம் தமிழ் பேசுவார். இப்படி ஒருத்தர் விட்டதை அவர் கேட்டதேயில்லை என்றார். தாணு போனை எடுத்து, "அம்மா, இன்னொரு தடவ சொல்லுங்கம்மா, வீடியோ எடுத்துக்கிடுதேன்" என்றார். நானும் இன்னொரு தடவை சொன்னேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன். ஆவுடையக்காதான், "செண்பகம், நெசமாத்தான் சொல்லுதியா? அடுப்படிய விட்டுட்டு நீ எங்க இருப்ப?" என்று காதோரம் கேட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில் நாக்பூர் தாண்டுவதற்குள் வீடியோ கோவில்பட்டிக்குப் போய், அங்கிருந்து சங்கரன்கோவிலில் இருக்கும் என் சம்பந்தியம்மா கோமதிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கோமதி போன் பண்ணி அழுதாள். "என் மவ குடுத்து வச்சவ மைனி" என்றாள். நானும் அழுதேன். பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் தாரணி ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். "அத்தை, அந்த வீடியோவப் பாத்து எனக்குத் தூக்கமே வரல" என்றாள். கையைப் பிடித்து அடுப்படி வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே கூப்பிடவில்லை. நான் வாக்குத் தவறிவிடக் கூடாதாம். வாசலிலேயே நிறுத்தி, "பாருங்க" என்றாள்.

பார்த்தேன். மல்லித்தூள் இருந்த இடத்தில் டீத்தூள். பருப்பு டப்பாக்கள் எல்லாம் கண்ணாடியாக மாறியிருந்தன. கரண்டிகளை நான் ஆணியில் வரிசையாகத் தொங்கவிடுவேன். அவள் ஒரு எவர்சில்வர் குவளைக்குள் தலைகீழாகச் சொருகி வைத்திருந்தாள், பூச்செண்டு மாதிரி. ஆணி சும்மா இருந்தது. உப்பு ஜாடி? அதைத்தான் தேடினேன். என் கறுப்பு ஜாடி. அது ஜன்னல் ஓரத்தில் மணிபிளான்ட் செடியோடு நின்றது.

இந்த உப்பு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்குப் புரியாது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மருமகள் அரைக்கலாம், நறுக்கலாம், தாளிக்கலாம், இறக்கலாம். உப்பு மட்டும் மாமியார்தான் போடுவாள். கடைசியாக வந்து, மூடியைத் திறந்து பார்த்து, கையால் அள்ளிப் போட்டுவிட்டுப் போவாள். என் மாமியார் படுக்கையில் விழுந்த பிறகும், நான் ஜாடியை அவள் கட்டிலுக்குக் கொண்டுபோவேன். அவள் அள்ளித் தருவாள். நான் கொண்டுவந்து போடுவேன். அவள் போனதற்கப்புறம்தான் முதல்முதலாக நானாக உப்பை அள்ளினேன். அன்றைக்குத்தான் இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த மாதிரி இருந்தது. தாரணி வந்த பிறகும் அதே வழக்கம்தான். வேலைக்குப் போகிற பெண், பாவம், எல்லாம் செய்து வைத்துவிட்டு "அத்தை, உப்பு" என்று கூப்பிடுவாள். நான் எழுந்து போவேன். தலைவலியாக இருந்தாலும் போவேன்.

கயாவுக்கு அப்புறம் அவள் கூப்பிடவில்லை. அவளே போட்டுக்கொண்டாள். ஸ்பூனால் போட்டாள்.

நான் என்ன செய்தேன்? அடுப்படி வாசலுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நிலைப்படியை மிதிக்கவில்லை. வாக்கு வாக்குதான். "தாரணி, கடுகு பொரியுது." "கேக்குது அத்தை." "தாரணி, அந்தப் பருப்பு குழையாது, நேத்து வாங்குனது." "சரி அத்தை." "தாரணி, கேஸைக் குறை." அவள் குறைப்பாள். முகத்தைத் திருப்ப மாட்டாள், எதிர்த்தும் பேச மாட்டாள். என் மகன் குமரேசன்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "எம்மா, நீ அடுப்படிய விட்டியா, இல்ல அடுப்படி வாசலுக்கு மாத்தலாகி வந்திருக்கியா?" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். தாரணியும் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளுக்காக எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறேன், சிரிக்கிறாளே என்று.

பாருங்கள், மறுபடியும் அடிக்கிறாள். எடுக்க மாட்டேன். ஏன் எடுக்க மாட்டேன் என்று சொல்கிறேன், பொறுங்கள். பரமக்குடி வந்துவிட்டதா? இல்லையா, சரி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தியம்மா கோமதி வருகிறேன் என்றாள். எதற்குத் தெரியுமா? எனக்குச் சேலை வைத்துக் கொடுக்க. அடுப்படியை விட்டுக் கொடுத்த மாமியாருக்கு மரியாதை செய்யாவிட்டால் பாவம் என்று அவள் தெருவில் எல்லோரும் சொன்னார்களாம். கோமதி லேசுப்பட்ட பொம்பிளை இல்லை. மகளுக்கு ஒன்றும் தெரியாது, மகள் போன வீட்டில் பேர் கெட்டுவிடும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பயம். தாரணிக்கும் அம்மா என்றால் பயம். அதனால் அன்றைக்குச் சொதி வைக்கிறேன் என்றாள். அவள் தனியாக வைக்கும் முதல் சொதி. அம்மாவுக்குக் காட்ட வேண்டுமே.

சொதி எங்கள் பக்கத்துக் கல்யாணச் சாப்பாடு. தேங்காய்ப்பால் குழம்பு. கடைசியில் கெட்டிப்பாலை ஊற்றினால் கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே அணைத்துவிட வேண்டும். எலுமிச்சம்பழத்தை அதற்கப்புறம், ஆறவிட்டுத்தான் பிழிய வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் பால் திரிந்து, கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

அவள் கெட்டிப்பாலை ஊற்றினாள். ஸ்டூலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லாத்தான் ஊற்றினாள். அந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்தது. "அம்மா வந்துட்டாக" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அடுப்பை அணைக்கவில்லை தங்கச்சி. நீங்களே சொல்லுங்கள். நுரை கட்ட ஆரம்பித்துவிட்டது. நான் ஸ்டூலிலிருந்து கத்தினேன். ஆட்டோக்காரன் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் மெதுவாகத்தான் கத்தினேனோ என்னவோ.

உள்ளே போனேன்.

அணைத்தேன். அதோடு வந்திருக்கலாம். சத்தியமாக அதோடு வருவதற்குத்தான் திரும்பினேன். ஆனால் கரண்டியை எடுத்துக் கலக்கினேன். கலக்கினதும் கை ஜாடிக்குப் போனது. மணிபிளான்ட் இருந்த ஜாடிக்கு. செடி தட்டுப்பட்டதும் இந்தப் பக்கம் திரும்பி, அவள் கண்ணாடி டப்பாவைத் திறந்து, அள்ளி, போட்டுவிட்டது. நான் போடவில்லை. அப்படிச் சொல்லக் கூடாது, நான்தான் போட்டேன். ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அதற்குக் கடைசியாகச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றால் உப்புப் போடத்தான் தெரியும். அவள் ஏற்கெனவே போட்டிருப்பாள் என்று கைக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டு ஸ்டூலுக்கு வந்துவிட்டேன். கோமதி உள்ளே வந்தபோது நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சாமி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முதலில் சேலை கொடுத்தாள். தட்டில் பூ, பழம், குங்குமம், மாம்பழ நிறத்தில் சேலை. என் காலில் விழுந்தாள். பிறகு இலை போட்டோம். குமரேசன்தான் முதல் வாய் வைத்தான். வைத்தவன் அப்படியே நிமிர்ந்து பார்த்து, "ஏ தாரணி, தூத்துக்குடி உப்பளத்தையே கொட்டிட்டியா?" என்றான். அதற்குள் கோமதியும் வாயில் வைத்துவிட்டாள். முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள். "ஒரு மனுஷி உனக்காவ அடுப்படியையே விட்டுக் குடுத்திருக்காக. அவுக வாயில கொண்டுபோய் இந்த உப்பை வைக்கிறதுக்கா உன்னைப் பெத்தேன்? ஆபிஸ்ல கம்ப்யூட்டர் தட்டத் தெரியுது, ஒரு கை உப்புத் தெரியலியா? மைனி, எம் மொகத்துக்காவ இவளை மன்னிச்சிருங்க." அவள் பேசப் பேச என் மகன் இலையைப் பார்த்தான். நான் சேலையைப் பார்த்தேன்.

தாரணி எழுந்து அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது. ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கழுவின தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் என் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பிழைத்துப் போயிருப்பேன். "ஆமாம்மா, நாந்தான் ஞாபகமில்லாம ரெண்டு தடவ போட்டுட்டேன்" என்றாள். பிறகு எனக்கு மோர் ஊற்றினாள். "அத்தை, மோர்ல உப்பு இல்ல, நீங்க போட்டுக்கிடுங்க" என்று சின்னக் கிண்ணத்தை என் இலைப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். கோமதி ஊருக்குக் கிளம்பும்போது சொல்லியிருக்கலாம். ஆட்டோ ஏறும்போதுகூட, "மைனி, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றாள். தலையை ஆட்டினேன் தங்கச்சி. ஆட்டினேன். அந்தச் சேலை இன்னும் கவருக்குள்ளேயே இருக்கிறது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது முன்னால் நிற்கிறது. தாரணியிடமும் சொல்லவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே, அப்புறம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அன்றிலிருந்து ஸ்டூலில் உட்காரவில்லை. எங்கே உட்காருவது என்றும் தெரியவில்லை. ஹாலில் உட்கார்ந்தால் டிவி. வாசலில் உட்கார்ந்தால் ஆவுடையக்கா. "எங்க இருப்ப" என்று அன்றைக்கே கேட்டாளே, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கோபத்தை விட்டேன் என்று சொன்னவளை நான் என்ன நினைத்தேன்!

காசியில் வாங்கின கங்கைச் செம்பு வீட்டில் அப்படியே இருந்தது. அந்தத் தண்ணீரை ராமேஸ்வரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் யாத்திரை முடியும் என்பார்கள். அதைச் சாக்கு வைத்து நேற்றுக் கிளம்பிவிட்டேன். தனியாக. என் மகன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். ஆள் வந்தால் நான் பேசுவேன். அடுப்படியை ஒழுங்காக இன்னொரு தடவை விட வேண்டும் என்றுதான் போனேன். கயாவில் விட்டது செல்லவில்லை, இங்கே செல்லும்படி விட வேண்டும் என்று.

காலையில் கோவிலுக்கு முன்னால் கடலில் இறங்கினேன். அலையே இல்லாத கடல், குளம் மாதிரி. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையைக் கூப்பி, சொல்ல வாயைத் திறந்தேன். திறந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பிப் பார்த்தேன். யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று. ஒரு வடக்கத்திக் குடும்பம் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. என்ன பிரயோஜனம் என்று மனசு சொன்னது. சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு அப்படிச் சொன்னது தங்கச்சி. எனக்கு அப்படியே கூசிப்போய்விட்டது. யாரும் கேட்கவில்லை என்றால் விடுவதற்கே மனசு வரவில்லை. அப்படியென்றால் கயாவில் நான் எதை விட்டேன்? ஒன்றுமில்லை. பெருமை என்று புதுசாக ஒன்றைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்போதுதான், இந்த வாயை இனி நம்பக் கூடாது என்று, கடல் தண்ணீரை அள்ளி வாய் நிறைய வைத்துக்கொண்டேன். துப்பவில்லை. அதோடு முங்கினேன். என்ன கரிப்பு! கண்ணில் நீர் வந்துவிட்டது. இதைத்தானே அன்றைக்கு எல்லோர் வாயிலும் வைத்தேன். கோமதி துப்பாமல் வைத்திருந்தாளே. அந்தக் கரிப்போடேயே முங்கி எழுந்து, முங்கி எழுந்து, மனசுக்குள்ளேயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதையும் விடுகிறேன் என்று சொல்லவில்லை. என் மாமியார் ஞாபகம் வந்தது. கட்டிலில் கிடந்துகொண்டு ஜாடிக்குள் கை விட்டுத் துழாவுவாளே, அந்தக் கை. பாவம், அவளுக்கும் எங்கே இருப்பது என்று தெரிந்திருக்காது. அதுவரை நான் அவளைப் பாவம் என்று நினைத்ததே கிடையாது.

கரைக்கு வந்து துப்பினேன். கோவிலுக்குப் போய்ச் செம்பைச் சேர்த்தேன். வெளியே ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பாரில் புளி ஏறிப்போயிருந்தது. பருப்பும் வேகவில்லை. பாதி இலை சாப்பிட்ட பிறகுதான் கவனித்தேன், நான் யாரையும் கூப்பிட்டு அதைச் சொல்லவில்லை. பரிமாறுகிற பெண் "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாக்கா?" என்றாள். ஊற்று என்றேன். இலையில் விழுந்ததைச் சாப்பிட்டேன். அவ்வளவுதான். என்ன சொல்வது, தோளில் இருந்து ஒரு குடத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பிட மட்டும் உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

இதை உங்களிடம் சொல்லிப் பெருமைப்படுகிறேனோ? பட்டாலும் படுவேன். என் வாய்தான் தெரியுமே.

ஐயோ, திரும்பவும் அடிக்கிறாள். சொல்கிறேன், ஏன் எடுக்கவில்லை என்று. நாளைக்குக் கோமதி மறுபடியும் வருகிறாள். தாரணி மறுபடியும் சொதி வைக்கிறாள். இந்தத் தடவை அம்மாவிடம் பேர் வாங்கியே தீர வேண்டும் அவளுக்கு. எனக்கும் அது நடக்க வேண்டும், சத்தியமாக. போனை எடுத்தேன் என்றால் அவள் "அத்தை" என்பாள். நான் கெட்டிப்பாலைப் பற்றிச் சொல்வேன். அப்புறம் கேஸ். அப்புறம் எலுமிச்சம்பழம். மானாமதுரை வருவதற்குள் நான் கோவில்பட்டி அடுப்படிக்குள் நிற்பேன். கையில் உப்போடு.

ஆனால் எடுக்காமல் விட்டால், அத்தைக்கு என்ன ஆச்சோ என்று பயந்துவிடுவாள். எத்தனை தடவை அடித்துவிட்டாள்! ஒருவேளை சொதியைப் பற்றிக் கேட்கவே அடிக்கவில்லையோ? வந்து சாப்பிட என்ன வைக்கட்டும் என்று கேட்கத்தானோ? அப்படியும் அவள் கேட்பாள்.

தங்கச்சி, ஒரு உதவி. இந்தாருங்கள் போன். நீங்களே பேசுங்கள். அத்தை நல்லா இருக்கிறாள், பக்கத்தில்தான் இருக்கிறாள், மதுரையில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து இருட்டுவதற்குள் வந்துவிடுவாள் என்று சொல்லுங்கள். சொதியைப் பற்றிக் கேட்டால், அவள் இஷ்டம் போல வைக்கச் சொன்னதாகச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. அன்றைக்கு இரண்டாவது தடவை உப்புப் போட்டது அத்தைதான், நாளைக்கு உன் அம்மா முன்னாலேயும் அதைச் சொல்லப் போகிறாளாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கூடவே எலுமிச்சம்பழத்தையும் சொல்லிவிடுவேன்.

சிரிக்காதீர்கள். பச்சைப் பட்டனை அழுத்துங்கள். அதற்கு முன்னால் உங்கள் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்கள். நான் முதலில் வாயை நிறைத்துக்கொள்கிறேன்.